கிண்டினால் வரும் கண்ணீர்

காண்டனீஸ் மொழியில் ‘சின் சிங்’ என்றொரு சொல் உண்டு. நெருப்பை விசிறுவதுபோல உணர்ச்சியை விசிறிவிடுவது. வேண்டுமென்றே அழவைக்கப் பார்க்கும் படத்தையும் பேச்சையும் அப்படிச் சொல்வார்கள். ஜேர்மனியர்கள் இதைக் ‘கண்ணீர்ச் சுரப்பியை அழுத்துவது’ என்பார்கள். அழவைக்கும் நாடகத்துக்கு ‘ரூர்ஷ்டுக்’ என்று தனிப்பெயரே இருக்கிறது. ‘ரூரன்’ என்றால் அகப்பையால் கிண்டுவது; மனதைக் கிண்டுவதும் அதேதான். (எங்கள் மொழியில் கிண்டினால் கிண்டல்தான் வரும். கண்ணீருக்கு நாங்கள் வைத்திருப்பது உருக்கம். அதில் ஏளனம் இல்லை.)

ரூர்ஷ்டுக்கின் மன்னன் ஔகுஸ்ட் ஃபொன் கொட்செபு. 1761இல் வைமாரில் பிறந்தவர்; இருநூறுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். அவருடைய ‘மனித வெறுப்பும் கழிவிரக்கமும்’ 1789இல் பேர்லினில் மேடையேறியது. கணவனையும் பிள்ளைகளையும் விட்டு இன்னொருவனோடு போன எய்லாலியா, மனம் வருந்தி, வேறு பெயரில் ஒரு பிரபுவின் மாளிகையில் வேலை பார்க்கிறாள். மனிதரையே வெறுத்துப்போன கணவனும் அங்கே வந்து சேர்கிறான். பேசித் தீராமல் இருவரும் பிரியப்போகும் நேரத்தில் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அணைப்பு, திரை. அப்பட்டமான தந்திரம்! ஆனாலும் 1798இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கிலும் அது பெருவெற்றி பெற்றது.

வைமார் அரங்கை 1791 முதல் 1817 வரை நடத்திய கேதேக்குக் கொட்செபுவின் மீது மதிப்புக் குறைவு. ஆனால் அந்த அரங்கில் கேதேயின் நாடகங்களைவிட அதிகம் ஓடியவை கொட்செபுவின் நாடகங்களே. 1819இல் மன்ஹைமில் ஸான்ட் என்ற மாணவன் கொட்செபுவைக் குத்திக் கொன்றான். அது அரசியல் கொலை. கண்ணீருக்கு அதில் பங்கில்லை.

நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. அங்கேயும் பிள்ளைதான் ஆயுதம்: செத்த லோகிதாசனோடு சுடலைக்கு வரும் சந்திரமதி. ஆனால் சந்திரமதி குற்றமற்றவள், அவளுக்காக அழுவது இலகு. கொட்செபு அழவைத்தது வழிதவறிய மனைவிக்காக. அவளை மேடையில் மன்னிப்பதா என்று ஒழுக்கவாதிகள் அன்றே கொதித்தார்கள். நியாயம் பேசிப் பெறமுடியாத மன்னிப்பை அந்த மலிவான கண்ணீர் வாங்கிக் கொடுத்தது.

நினைவுக் கூட்டங்களில் பேச்சாளரின் குரல் தழுதழுத்ததும் இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் ‘கிட்ஷ்’ என்று முணுமுணுக்கிறார்கள். பலவேளை அவர்கள் சொல்வது சரி. நான் அவர்களிடம் கேட்பது, யாருக்காக அழச் சொல்கிறார்கள் என்பதை மட்டும். சந்திரமதிக்காகக் கண் சிவக்க அழுத எங்கள் ஊரில், வீட்டைவிட்டுப் போய்த் திரும்பிவந்த ஒரு பெண்ணுக்குக் கதவு திறந்ததாக எனக்கு நினைவில்லை.