டேக் அறிக்கை (அமெரிக்க லாரி ஓட்டுநர் பணிவரலாறு)

டேக் அறிக்கை என்பது அமெரிக்காவில் கனரக லாரி ஓட்டுநர் ஒருவரின் பணி விவரங்களை அவருடைய பழைய போக்குவரத்து நிறுவனங்களிடமிருந்து திரட்டி, அவரை அடுத்து எடுக்கவிருக்கும் நிறுவனத்துக்கு விற்கப்படும் ஆவணம். 'டிரைவ்-ஏ-செக்' என்பதன் சுருக்கமே டேக். சம்பளத்துக்கு ஓட்டுபவர்கள் மட்டுமல்லாமல், சொந்த லாரியை ஒரு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டுத் தாங்களே ஓட்டும் சுயதொழில் ஓட்டுநர்களும் இதில் பதிவாகின்றனர். நிறுவனம் எழுதியதே முதலில் பதிவாகிறது; ஓட்டுநரின் விளக்கம் அவர் கேட்டுப் போராடிய பிறகே சேர்கிறது. இம்முறையின் அடிப்படை அநீதி இதுவே.

வரலாறு

1935ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம், மாநிலங்களுக்கு இடையிலான லாரித் தொழிலை மாநிலங்களுக்கிடை வணிக ஆணையத்தின் கீழ் கொண்டுவந்தது. வழித்தடத்துக்கும் கட்டணத்துக்கும் அனுமதி வேண்டியிருந்ததால், சொந்த லாரி வைத்திருந்தவர்களில் பலர் அனுமதி பெற்ற நிறுவனங்களுக்கு வண்டியைக் குத்தகைக்கு விட்டு ஓட்டினர். அவர்களுக்காக ஓஓஐடிஏ என்ற சங்கம் 1973இல் தோன்றியது.

1980 ஜூலை 1 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இக்கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. புதிய நிறுவனங்கள் பெருகின. ஓட்டுநர்கள் அடிக்கடி இடம் மாறினர். ஒரே ஓட்டுநர் பல மாநிலங்களில் உரிமம் பெற்று, அபராதங்களைப் பிரித்து மறைக்கவும் அப்போது வழியிருந்தது. இந்தச் சூழலில்தான் ஓக்லஹோமா மாநிலம் டல்சாவில் இயங்கிய டேக் நிறுவனத்தின் பதிவேடு 1980களில் வளர்ந்தது. ஓட்டுநர் விலகியதும் உறுப்பு நிறுவனம் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பும். மற்ற நிறுவனங்கள் அதைக் காசு கொடுத்துப் பார்க்கும்.

1986ஆம் ஆண்டுச் சட்டம் பல உரிமம் வைத்திருப்பதைத் தடை செய்தது. வணிக வாகன உரிமம் 1992 ஏப்ரல் 1 முதல் கட்டாயமானது. மறைக்கும் வழி அடைபட்ட பின்னும் தனியார் பதிவேடு நீடித்தது. 1998இல் இயற்றப்பட்ட சட்டம், தெரிந்தே பொய்த் தகவல் தந்தாலன்றி, பாதுகாப்பு வரலாறு தரும் நிறுவனங்களை அவதூறு வழக்கிலிருந்து காத்தது. 2004ஆம் ஆண்டு விதிகளின்படி, புதிய நிறுவனம் ஓட்டுநரின் முந்தைய மூன்று ஆண்டுப் பாதுகாப்பு வரலாற்றை விசாரிக்க வேண்டும். பழைய நிறுவனம் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இவ்வாறு தனியார் வணிகம் ஒன்று அரசுக் கடமையை நிறைவேற்றும் வழியாகவும் ஆனது. டேக் பிற்பாடு யூஎஸ்ஐஎஸ் நிறுவனத்திடம் சென்று, பின்னர் ஹயர்ரைட் என்ற பெயரின் கீழ் வந்தது.

பதிவுகளின் வகை

1. பணிக்காலம், ஓட்டிய வண்டி, ஏற்றிய சரக்கு. இதில் சில மாதங்கள் விடுபட்டாலும் அனுபவம் குறைந்து தெரியும்.

2. விபத்து. நின்றிருந்த லாரியை வேறொருவர் இடித்ததும், யார் தவறு என்ற விவரமின்றி விபத்தாகவே பதிவாகக்கூடும்.

3. விலகிய காரணமும், மீண்டும் சேர்க்கத் தகுதி உண்டா என்பதும்.

4. நடத்தைக் குறிப்புகள். 'நிறுவன விதி மீறல்', 'திருப்தியற்ற பாதுகாப்புப் பதிவு', 'வண்டியைக் கைவிட்டார்' போன்றவை.

ஓட்டுநர்கள் மிகவும் அஞ்சுவது 'கைவிட்டார்' என்ற குறிப்பையே. சுயதொழில் ஓட்டுநரிடம் லாரி சொந்தமாக இருந்தாலும், பின்னால் இழுக்கும் டிரெய்லர் பெரும்பாலும் நிறுவனத்தினுடையது. குத்தகை முறியும்போது டிரெய்லரை எங்கே விடுவது என்பதில் எழும் தகராறு 'கைவிடல்' ஆகிவிடுகிறது. ஓட்டுநரிடமிருந்து பிடித்து வைத்த பிணைத்தொகையைக் குத்தகை முடிந்த 45 நாளுக்குள் நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. அதைக் கேட்டுப் பெறும் காலத்தில்தான் ஓட்டுநரின் நற்பெயரும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட பணி நேரம் கடந்து ஓட்ட மறுத்தவரும் பழுதான வண்டியை எடுக்க மறுத்தவரும் இவ்வகைக் குறிப்புக்கு ஆளாகலாம்.

சட்டப் பாதுகாப்பு

கனரக வாகனத்தை ஓட்டும் சுயதொழிலாளரையும் 'பணியாளர்' என்றே மத்தியப் பாதுகாப்பு விதிகள் கருதுகின்றன. வேலைக்கு எடுப்பதற்கான பின்னணி அறிக்கைகளுக்கும் பொருந்தும் 1970ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டமும் அவர்களைக் காக்கிறது. மத்திய வர்த்தக ஆணைய அலுவலர்கள் 1998இல் இவ்வாறே விளக்கம் அளித்தனர். அறிக்கை தயாரித்து விற்கும் நிறுவனம் இயன்றவரை முழுத் துல்லியம் பேண வேண்டும். ஆட்சேபணை வந்தால் பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்து, உறுதிப்படுத்த முடியாததை நீக்க வேண்டும். ஆனால் பழைய நிறுவனம் 'சரிதான்' என்று சொல்லிவிட்டால் குறிப்பு நிலைக்கும். அப்போது ஓட்டுநர் தன் தரப்பை எழுதிச் சேர்க்கலாம். அதைச் சுருக்கி எழுத உதவி செய்தால், 100 சொற்களுக்குள் அடக்கச் சொல்ல அறிக்கை நிறுவனத்துக்கு உரிமை உண்டு.

பாதுகாப்பு மீறலைச் சுட்டிக்காட்டியதற்காகப் பழிவாங்கப்பட்டவர், தொழிலாளர் துறையின் பணிப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் 180 நாளுக்குள் புகார் தரலாம். பாதகமான டேக் குறிப்பும் பழிவாங்கலாகலாம் என்று அத்துறையின் தீர்ப்புகள் ஏற்றுள்ளன.

வழக்குகள்

டேக் அறிக்கைகள் குறித்து ஓஓஐடிஏ தொடுத்த வழக்கில் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் யூஎஸ்ஐஎஸ் பக்கம் தீர்ப்பளித்தது. பின்னணிச் சோதனை அறிக்கைகளில் துல்லியம் பேணவில்லை, ஆட்சேபணைகளை முறையாக விசாரிக்கவில்லை என்று குற்றஞ்சாட்டிய மத்திய வர்த்தக ஆணையத்துக்கு 26 லட்சம் டாலர் அபராதம் செலுத்த ஹயர்ரைட் 2012இல் இணங்கியது.

தற்போதைய நிலை

2010 முதல் அரசின் சோதனை, விபத்துப் பதிவேடும், 2020 ஜனவரி 6 முதல் போதைப்பொருள், மதுச் சோதனைப் பதிவேடும் தனியே இயங்குகின்றன. டேக் அறிக்கையும் தொடர்கிறது. ஓட்டுநர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறை தம் அறிக்கையின் பிரதியை இலவசமாகக் கேட்டுப் பெறலாம்.