மணலில் எழுதி மரத்தில் பொறித்தல்

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் எந்த வீட்டின் அடுப்படிக்குள் நுழைந்து எந்த எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாலும், அதன் கழுத்தருகிலோ அடிப்புறத்திலோ ஒரு பெயர் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். காதுகுத்துக்குத் தாய்மாமன் கொண்டுவந்த அண்டாவும், கல்யாணத்திற்கு மொய்யாக வந்த குத்துவிளக்கும், கொடுத்தவர் பெயரையும் தேதியையும் சுமந்துகொண்டு மூன்று தலைமுறைக்கு அந்த உறவுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும். பெயர் வெட்டாத பாத்திரத்தைப் பரிசாகக் கொடுப்பது நம் ஜனங்களுக்கு ஏதோ குறைவைத்தது போலவே தோன்றிவந்திருக்கிறது.

அந்தப் பாத்திரக்கடை வேலை, இப்போது பள்ளிக்கூடக் கண்காட்சிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. குழந்தை தன் பெயரையோ தான் வரைந்த மயிலையோ கொடுத்தால், மூடிய பெட்டிக்குள் லேசர் கதிர் ஓடி, ஒரு மெல்லிய மரப்பலகையில் அதைப் பொறித்து, சாவிக்கொத்தில் கோத்துக்கொள்ளும்படி சில நிமிஷங்களில் கொடுத்துவிடுகிறது. இதைப் புதுமையென்று வியப்பவர்கள் வியக்கட்டும். ஆனால் எழுத்தை அழியாத பொருளில் பொறிக்கும் கலைக்கு இந்த மலையடிவாரத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பூர்வோத்தரம் உண்டு. அதை அறிந்தவர் கையில் இவ்விளையாட்டு ஒரு பாடமாகிவிடும். அறியாதவர் கையில் அது சாவிக்கொத்தாகவே நின்றுவிடும்.

போடிக்குக் கிழக்கே ஆண்டிபட்டி வட்டத்தில் வைகையை அடுத்துள்ள புலிமான்கோம்பை என்னும் சிற்றூரில், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்று 2006-ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டன. கிறிஸ்து பிறப்பதற்கு இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்கு முற்பட்டவை என்று அறிஞர் கணிக்கும் அக்கற்களில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது ஆநிரை கவர்ந்த சண்டையில், உயிர் நீத்த ஒரு வீரனின் பெயரைச் சொல்கிறது. அரசனின் பிரதாபத்தைப் பாடும் மெய்க்கீர்த்தி அன்று அது. மாட்டுக்காக மாண்ட ஒரு சாமானிய மனிதனின் பெயர். நம் மண்ணில் கல்லில் ஏறிய ஆதிப் பெயர்களுள் ஒன்று அப்படிப்பட்டவனுடையது என்பது நினைக்கத்தக்கது. எனினும், பெயர் கல்லில் ஏறுவதற்கு அவன் சாகவேண்டியிருந்தது.

நூற்றாண்டுகள் பல கடந்தபின், போடிக்குத் தெற்கே உள்ள சின்னமனூரில், செம்பு அந்த உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டது. பாண்டியன் இராசசிம்மனின் பெரிய சின்னமனூர்ச் செப்பேடு, வடமொழிப் பகுதியைக் கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதியை வட்டெழுத்திலும் கொண்டது. பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் பாண்டியர் குலத்தின் கீர்த்தியாகச் சொல்வது. இத்தகைய சாசனங்களில் வாசகத்தை இயற்றியவன் ஒருவன், உளி பிடித்தவன் வேறொருவன். வெட்டியவனின் உழைப்பும் மதிக்கப்படாமல் போகவில்லை என்பதற்கு, எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த வேள்விக்குடிச் செப்பேட்டைப் பொறித்தவனுக்கு மனையும் நிலமும் அளிக்கப்பட்ட செய்தி அச்செப்பேட்டிலேயே இடம்பெற்றிருப்பது அத்தாட்சி. ஆனால் உளியின் ஒரு சறுக்கலுக்கு மாற்று இல்லை; ஆகையால் பொறிப்பவன், தொடங்குமுன் யோசிப்பவனாக இருந்தே தீரவேண்டும்.

இந்த யோசனையைக் குழந்தைக்குப் பழக்கிய இடம் திண்ணைப் பள்ளிக்கூடம். அங்கே பிள்ளை முதலில் ஓலையைத் தொடுவதில்லை; பரப்பிய மணலில் விரலால் அகரத்தை எழுதி, உபாத்தியாயர் தலையசைத்தால் மேலே சென்று, முகம் சுளித்தால் உள்ளங்கையால் அழித்து மறுபடி எழுதியது. மணல் எத்தனை பிழையையும் பொறுத்துக்கொள்ளும். எழுத்து கைக்குள் வந்த பிற்பாடுதான் எழுத்தாணியும் பனையோலையும் கொடுக்கப்பட்டன. ஓலையில் கீறிய கீறல் கண்ணுக்கு எளிதில் தெரியாதாகையால், விளக்குக் கரியையும் மஞ்சளையும் இலைச்சாற்றையும் கூட்டித் தடவி எழுத்தைத் துலங்கச் செய்தார்கள். மையாடல் என்று அதற்குப் பெயர். நேர்கோடு இழுத்தால் நார்வழியே ஓலை கிழியுமென்பதால் எழுத்துகளில் வளைவு மிகுந்தது என்று பலர் காரணம் கூறுவர். குத்தினால் பொத்துப்போகுமென்று மெய்யெழுத்தின் புள்ளியை விட்டே எழுதினார்கள். எதன்மேல் எழுதுகிறோமோ அதுவே எழுத்தின் உருவத்தையும் நிர்ணயிக்கிறது.

மணலில் எழுதும் இந்த எளிய முறை கடல் கடந்தும் போயிற்று. 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதியை மேற்பார்வையிட வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் விடுதியிலும் புகுத்தி, மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டோடு சேர்த்து 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவிற்று. இங்கேயோ, விஜயதசமியன்று தாம்பாளத்து அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைக்கும் சம்பிரதாயமாக அது இன்றும் மிஞ்சியிருக்கிறது.

வியாபாரிகளின் எழுத்து வேறு வகை. ஏலக்காய் மூட்டையின்மேல் அடையாளம் போட, தகரத்தில் எழுத்தின் உருவை வெட்டியெடுத்து, சாக்கின்மேல் வைத்துச் சாயம் தடவினால் போதும், அதுவே மார்க்கா. ஆனால் வ, ம போன்ற எழுத்துகளின் சுழியை முழுதும் சுற்றி வெட்டினால் உள்ளிருக்கும் துண்டு உதிர்ந்துவிடுமாகையால், இடையே ஒரு சிறு பாலம் விட்டு வெட்டுவது தொழில் தெரிந்தவன் சாமர்த்தியம். பாத்திரத்தில் பெயர் வெட்டுபவனுக்கும் இப்படி ஒரு சாமர்த்தியம் உண்டு. முன்பு சிற்றுளியும் சுத்தியலும் கொண்டு, பின்பு கர்ரென்று ஒலிக்கும் மின்சாரக் கருவி கொண்டு, வழவழப்பான உலோகத்தின்மேல் கோட்டைப் புள்ளிகளாக உடைத்து அவன் வெட்டினான். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசும் வழக்கமும் இருந்ததால், தலைப்பெழுத்தோடு திருப்தியடைந்த குடும்பங்களும் உண்டு. எஸ்டேட்டு லயங்களில் பல வீட்டுக் குடங்கள் ஒரே குழாயடியில் வரிசை கட்டும்போது, அந்த ஓரிரண்டு எழுத்துகளே சண்டையை விலக்கிவைத்தன.

இவ்வளவுக்கும் பின்னால் வந்ததுதான் லேசர். 1960 மே 16-ஆம் தேதி அமெரிக்காவில் தியோடர் மெய்மன் மாணிக்கக் கம்பியொன்றிலிருந்து முதல் லேசர் ஒளியை எழுப்பினார். மகாராஷ்டிரத்துப் பாராமதியில் 1938-இல் பிறந்த குமார் பட்டேல் 1964-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கரியமிலவாயு லேசரை உண்டாக்கினார்; மரத்தில் பொறிக்கும் இயந்திரங்கள் பலவற்றில் இன்றும் இயங்குவது அந்த வகைதான். அதன் கதிர் கண்ணுக்குத் தெரியாதது. மரம் அதை உறிஞ்சிக்கொண்டு, பட்ட இடத்தில் கருகி ஆவியாகிறது. பளபளக்கும் உலோகமோ அதைத் திருப்பிவிடுகிறது, ஆகவே எவர்சில்வருக்கு வேறு வகை லேசர் வேண்டும். உளியின் வெட்டைக் காட்டிலும், கன்றுக்குச் சூட்டுக்கோலால் இடும் குறிக்கே இது நெருங்கிய பந்து: தீயால் எழுதும் எழுத்து.

தீயென்று உணர்ந்தால் ஜாக்கிரதையும் தானே வரும். மூடியைத் திறந்தால் கதிர் நின்றுவிடும் இயந்திரத்தையே குழந்தைகளிடையே வைக்கவேண்டும். புகையை வெளியேற்றும் விசிறியும், கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்புக் கருவியும், கண்ணை எடுக்காத பெரியவர் ஒருவரும் இருக்கவேண்டும். பி.வி.சி. அட்டையையும் ரெக்ஸினையும் உள்ளே விடவே கூடாது. எரிந்தால் நச்சுப்புகை எழும். உருவத்தை முழுதும் நிரப்பிப் பொறிக்கச் சொன்னால் கதிர் தறியின் நாடாவைப் போல் இப்படியும் அப்படியும் ஓடி நேரத்தை விழுங்கும்; கோட்டின்மேல் மட்டும் ஓடவிட்டால் வரிசை நகரும். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிஷம் என்றாலே மணிக்கு இருபது பேர்தான். நூறு பேர் நின்றால் ஐந்து மணி நேரம் என்ற கணக்கைக் காலையிலேயே போட்டு, நேரம் குறித்த டோக்கன் கொடுத்துவிட்டால் அழுகை குறையும்.

இவையெல்லாம் ஏற்பாடு. பாடம் எதில் இருக்கிறதென்றால், அந்தக் காத்திருப்பில் இருக்கிறது. கணினியில் பெயரைத் தட்டி அச்செழுத்தில் பொறித்துக் கொடுப்பது சுலபம். ஆனால் அதில் பிள்ளையின் பங்கு வாயால் பெயரைச் சொன்னதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மாறாக, வரிசையின் தொடக்கத்தில் ஒரு தாம்பாளத்தில் மணலைப் பரப்பி வைக்கலாம். பிள்ளை தன் பெயரை அதில் விரலால் எழுதி, அழித்து, மனத்துக்குப் பிடித்த வடிவம் வந்தபின் வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதித் தரட்டும். அந்தத் தாளைப் படம்பிடித்து இயந்திரத்துக்குக் கொடுத்தால், கோணலும் சுழியும் பிள்ளையுடையதாகவே மரத்தில் ஏறும். ஓலையில் இடம்பெறாத புள்ளியும், பலகை பொத்துப்போகாமல், மெய்யெழுத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கண்காட்சி நடத்தும் ஆசிரியர்களுக்கு என் விண்ணப்பம் இவ்வளவே: இயந்திரத்தை வாடகைக்குக் கொண்டுவரும் வண்டியிலேயே, ஆற்று மணல் ஒரு படியும் கொண்டுவாருங்கள்.