பதுளை: நிலமும் பொழுதும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தார் தொல்காப்பியர். ஏனைய கருப்பொருளும் மக்கள் ஒழுகலாறும் அவற்றைச் சார்ந்தே அமையும் என்பது தமிழ் மரபு. செய்யுளுக்கு வகுத்த இம்முறை ஓர் ஊரின் வரலாற்றுக்கும் பொருந்துமோ என ஆராய்வார்க்குப் பதுளை நகரும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களும் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். இங்கு எவர் நிலம் இழந்தனர், எவர் வந்து தங்கினர், தங்கியோர் ஏன் நிலம் பெற்றிலர் என்னும் வினாக்களுக்கு மலையும் மழையும் காற்றும் ஒரு பாதி விடை தருகின்றன. மறுபாதி ஆள்வோர் இயற்றிய சட்டங்களிற் கிடக்கின்றது.

நிலத்தின் இயல்பு

ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளை, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில், மலைகள் வளைத்து நிற்கும் ஒரு பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. தென்கிழக்கே 2,036 மீற்றர் உயர்ந்து நிற்பது நமுனுகுலை. ஒன்பது சிகரம் என்பது அச்சிங்களப் பெயரின் பொருள். பதுளு ஓயா நகரை அணைந்தோடி, துன்ஹிந்தையில் 64 மீற்றர் அருவியாக வீழ்ந்து, பின்னர் மகாவலி கங்கையோடு கலக்கின்றது. தென்மேற்கே பண்டாரவளை, ஹப்புத்தளை மேட்டு நிலங்களும், கிழக்கே பசறை, லுணுகலை, மடுல்சீமை மலைகளும் உள்ளன. அம்மலைகளைக் கடந்து கீழிறங்கினால் மட்டக்களப்புச் சமவெளி தோன்றும். செங்கலடியிற் பிரியும் பெருந்தெரு இன்றும் பதுளை வீதி என்றே வழங்கப்படுவது, மலைக்கும் கீழைக் கரைக்கும் உள்ள தொடர்பைக் காட்டும்.

இந்நிலத்தின் தனித்தன்மை அதன் மழையில் உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரையெல்லாம் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிற் பொழிந்துவிட்டு, ஊவாவை வறண்ட காற்றாகவே வந்தடைகின்றது. இதனையே மக்கள் கச்சான் என்பர். ஊவாவின் பெருமழை ஐப்பசி தொடங்கித் தை வரையிலுமே பெய்வது. ஆடி, ஆவணியில் வீசும் கச்சானின் வறட்சி தேயிலைக் கொழுந்தின் வளர்ச்சியைத் தடுத்து அதன் மணத்தை மிகுவிக்கின்றது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குள்ள தனிச் சிறப்பு இக்காற்றினால் வந்ததே.

பண்டைய வரலாறு

தோட்டங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே பதுளை சிறப்புற்றிருந்தது. முதியங்கனை விகாரை பௌத்தர் போற்றும் பழம்பெருந் தலங்களுள் ஒன்று. பதுளைத் தூண் சாசனம் எனப்படும் கி.பி. 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, மகியங்கனைப் பகுதியிலிருந்த ஒரு சந்தைக்கு அரசன் விதித்த ஒழுங்குகளைக் கூறுகின்றது. வணிகரும் குடிகளும் அதிகாரிகளால் நலிவுறாதிருக்க அரசாணை வேண்டியிருந்தது என்பதனால், அக்காலத்தே இங்கு வணிகம் தழைத்திருந்ததென ஊகிக்கலாம்.

1630இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ டி சா பதுளையைத் தீக்கிரையாக்கித் திரும்புகையில், ரந்தெனிவெலயில் கண்டியரசின் படையால் வளைக்கப்பட்டு மாண்டான். மலையரண் அந்நியர்க்கு எளிதில் வசப்படாது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

எனினும் 1815இல் கண்டியரசு பிரித்தானியர் கைப்பட்டது. ஈராண்டுகள் கழிந்து ஊவா, வெல்லஸ்ஸ மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பதுளையில் ஆட்சிப் பிரதிநிதியாயிருந்த சில்வெஸ்டர் வில்சன் 1817இல் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிப்பொல, அக்கிளர்ச்சியாளரோடே சேர்ந்து தலைமை தாங்கி, 1818 நவம்பர் 26ஆம் நாள் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஊர்கள் எரிக்கப்பட்டன, பயிர்களும் கால்நடைகளும் அழிக்கப்பட்டன, மக்கள் சிதறினர். பின்னர் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நாட்டப்படாத காடும் தரிசும் முடிக்குரியன என்றது. எழுத்தில் உறுதியின்றி வழிவழி ஆண்ட குடியானவர் பலர்க்கு அச்சட்டம் பேரிழப்பாயிற்று. முடிக்குரியதான நிலம் தோட்டத் துரைமாருக்கு விற்கப்பட்டது.

கோப்பியும் தேயிலையும்

அந்நிலத்தில் முதலில் விளைந்தது கோப்பி. அதன் பழம் பறிக்கும் காலம் சில திங்களே. ஆதலின் தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையேறி, காட்டுவழி நடந்து வந்த தொழிலாளர், பருவம் முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினர். வழியிற் பசியாலும் நோயாலும் மடிந்தோர் பலர்.

1869இல் கோப்பி இலையிற் கண்ட பூஞ்சண நோய் அப்பயிரை அடியோடு வீழ்த்திற்று. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பகுதியில் தம்பத்தென்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். பயிர் மாறியதும் மக்கள் வாழ்வும் மாறிற்று. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும், ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை பறிக்கப்பட வேண்டியது. வந்து போகும் தொழிலாளர் அதற்குப் போதார். குடும்பத்தோடு தங்குவோர் வேண்டும். எனவே லயங்கள் எழுந்தன, பிள்ளைமடுவங்கள் வந்தன, மாரியம்மனுக்கும் முருகனுக்கும் கோயில்கள் அமைந்தன. வருகையாளரைக் குடிகளாக்கியது எவருடைய கருணையுமன்று. பயிரின் பொழுதே ஆகும்.

1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளையை அடைந்தது. அங்கிருந்து பதுளைக்கு வர மேலும் 30 ஆண்டுகள் சென்றன. செங்குத்தாக இறங்கும் நிலத்தை வெல்ல, ஒன்பது வளைவுப் பாலத்தையும், நிலையத்தின் கீழேயே சுரங்கவழி சுற்றிச் செல்லும் தெமோதரை வளையத்தையும் அமைத்து, 1924இல் பதுளையைத் தொட்டனர். கொழும்புத் துறைமுகத்துக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் இடைவழி அன்று நிறைவுற்றது.

சட்டத்தின் வழியே

குடியாகத் தங்கியோர் எவ்வாறு நடத்தப்பட்டனர்? பெரிய கங்காணியிடம் பட்ட கடனால் தொழிலாளரைப் பிணித்த துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. 1940இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸைத் தோட்டத்தார் வேலைநிறுத்தஞ் செய்து, தாமே தேர்ந்த குழுவொன்றைக் கொண்டு நிர்வாகத்தோடு பேசினர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற 7 இடங்களுள் பதுளையும் ஒன்று. மறு ஆண்டே வந்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். வாக்களித்த மக்கள் நாடற்றோராயினர். 1964இல் இரு நாட்டுத் தலைவரும் செய்த உடன்படிக்கை, 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியராக்கி, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் தீர்க்க ஒதுக்கிற்று. அவர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். ஊவாத் தோட்டங்களிலும் குடும்பங்கள் பிரிந்தன. எஞ்சியோரின் பிரசாவுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வேண்டியதாயிற்று.

பிரசாவுரிமை வந்தும் நிலவுரிமை அதனோடு வரவில்லை. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்களுள் எதுவும் லயத்தில் வாழ்ந்தவரை அதன் உரிமையாளராக்கிற்றில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அஃது ஆபத்தான இடமென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆயினும், வேறோரிடத்தில் தமக்கென ஒரு துண்டு நிலமில்லாதார் எங்ஙனம் பெயர்ந்து செல்வர்? ஐப்பசி மழையும் செங்குத்தான சரிவும் இயற்கை. அச்சரிவின்கீழ் மக்களை இருத்தியது இயற்கையன்று.

வரலாறு எழுதுவார்க்கு ஒரு சொல்

ஊவாவின் வரலாற்றை இருவேறு கதைகளாக எழுதுவதே பெருவழக்கு. ஒன்று 1818இல் நிலமிழந்த சிங்களக் குடியானவரின் கதை. மற்றொன்று லயத்தில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் கதை. ஆழ்ந்து நோக்கின் இரண்டும் ஒரே நிலத்தின் கதையாம். ஒருவரிடமிருந்து பறித்த நிலமே மற்றவரின் உழைப்பாற் செழித்தது. விளைவு இருவர்க்கும் உரியதாகவில்லை. இவ்வுண்மை தெளிந்தால் ஒருவர் இடரை மற்றவர் மேல் ஏற்றும் வழக்கம் குன்றும்.

ஆட்சியாளர் பெயர்கள் ஆவணங்களில் நிலைத்துள்ளன. மலையைக் கொழிக்கச் செய்தோர் பெயர்களோ தோட்டத்துச் செக்றோல் ஏடுகளிலும், கோயிற் கல்லிலும், முதியோர் நினைவிலுமே உள்ளன. ஏடுகள் செல்லரிக்கின்றன; முதியோர் மறைகின்றனர். 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையிலேயே இயங்குகின்றது; தோட்டத்துப் பிள்ளைகள் பலர் உயர்கல்வி எய்துகின்றனர். ஒவ்வொரு மாணவரும் தத்தம் தோட்டத்தின் ஏடொன்றையேனும் படியெடுத்து, முதியோர் ஒருவரின் மொழியையேனும் எழுதிவைப்பாராயின், நிலத்தையும் பொழுதையும் அறிந்த நாம், அவற்றிடை வாழ்ந்த மக்களையும் பெயர் சொல்லி அறிவோம்.