செடியைப் படம் பிடிச்சா கலையா? கறுப்பு வெள்ளையில் நடந்த மாற்றம்

திருமுல்லைவாயில் தலவரலாற்றில் தொண்டைமானின் யானையைத் தடுத்தது ஒரு முல்லைக்கொடி. அந்த மாதிரி ஒரு கொடியின் சுருளை நாம எவ்வளவு கிட்டப் போய்ப் பார்த்திருப்போம்?

அப்படிப் பார்த்தவர் ஜெர்மனியின் கார்ல் பிளாஸ்ஃபெல்ட். பெர்லினில் கலைப்பள்ளி ஆசிரியர். போட்டோகிராஃபி முறையாகப் படித்தவர் இல்லை. பறித்து வந்த தண்டு, மொட்டு, சுருள்களை, தானே செய்த கேமராவில் 30 மடங்கு வரை பெரிதாக்கிப் படம் எடுத்தார். எதற்கு? மாணவர்கள் பார்த்து வடிவமைப்பு கற்கத்தான். கலைன்னு அவர் ஆரம்பிக்கவே இல்லை.

பின்னணியில் எதுவும் கிடையாது. பச்சை நிறமும் போனதால் வடிவம் மட்டும் மிஞ்சியது. பெரணியின் இளஞ்சுருள், கொல்லர் வளைத்த இரும்பு மாதிரி நின்றது. 1926-ல் பெர்லின் கேலரி ஒன்று இவற்றைக் கலையாகவே காட்சிக்கு வைத்தது. 1928-ல் புத்தகம் வந்து புகழ் சேர்ந்தபோது அவர் 60-ஐத் தாண்டியிருந்தார்.

நம்மூரில் இதற்குப் பக்கத்தில் வருபவர், எழுத்தாளர் அ.மாதவையாவின் மகன் மா.கிருஷ்ணன். அவரும் பல பாகங்களைச் சேர்த்துச் சொந்தமாகக் கேமரா செய்தவர். கறுப்பு வெள்ளையை விடாதவர். ஒரே வித்தியாசம், பறித்த செடி அசையாமல் இருக்கும். கிருஷ்ணன் எடுத்ததோ காட்டு யானைகளை! 1970-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.