கொண்டைக்கிளிக் குஞ்சும் தினைக்கதிரும்

தாய்ப்பாலுண்ணும் குழந்தை சோற்றுக்கு மாறும் பருவத்தைச் சுட்டத் தமிழில் இரண்டு வழக்குகள் உண்டு. பால் மறத்தல் என்பது ஒன்று. பால் மறக்கடித்தல் என்பது மற்றொன்று. முன்னது குழந்தை தானே செய்வது. பின்னது பெரியவர்கள் வேப்பெண்ணெய் தடவிச் செய்விப்பது. கையால் ஊட்டி வளர்க்கப்படும் கிளிக்குஞ்சின் வரலாற்றை ஆராய்ந்தால், அது முழுவதும் இவ்விரு சொற்களுக்கும் இடையே நடந்த போராட்டமாகவே தோன்றும்.

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் நகரில் இன்று வீடுகளில் வளர்க்கப்படும் அயல்நாட்டுப் பறவைகளுள் காக்கட்டியல் என்னும் சிறு கொண்டைக்கிளியும் ஒன்று. சாம்பல் நிற உடலும், மஞ்சள் முகமும், கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டும் கொண்ட இப்பறவை ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுக்கு உரியது. வளர்ந்த பறவையின் எடை ஏறத்தாழ 80 முதல் 100 கிராம் வரையே. 1792இல் இராபர்ட் கெர் என்பார் இதற்கு அறிவியற் பெயரிட்டார். அப்பெயரிலுள்ள 'ஹாலந்திகஸ்' என்னும் சொல், ஆஸ்திரேலியாவுக்கு அந்நாளில் வழங்கிய 'புதிய ஹாலந்து' என்ற பெயரைக் குறிக்கும். பறவை அயலதாயினும் அதன் வழக்குப் பெயர் அயலதன்று. மலாய் மொழியின் 'காக்காக் துவா' என்ற சொல்லே ஐரோப்பிய மாலுமிகளின் நாவில் உருமாறி, டச்சு மொழி வழியாக ஆங்கிலத்திற் புகுந்து, 'காக்கட்டியல்' ஆயிற்று. நம் 'காக்கத்துவா'வும் அவ்வேரிற் கிளைத்ததே. மலாய்க் கடலிலிருந்து புறப்பட்ட ஒரு சொல் உலகைச் சுற்றிவிட்டுக் கூண்டுப் பறவையின் பெயராகப் பினாங்குத் துறைமுகத்துக்கே திரும்பி வந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

1838இல் ஆஸ்திரேலியா சென்ற ஜான் கூல்டு, எலிசபெத் கூல்டு இணையர் அந்நாட்டுப் பறவைகளை எழுத்தாலும் ஓவியத்தாலும் ஐரோப்பியர்க்கு அறிமுகப்படுத்தினர். பின்னர் இக்கிளி ஐரோப்பியக் கூண்டுகளில் எளிதாக இனம் பெருக்கியது. 1949இல் அமெரிக்காவில் வெண்திட்டுக்கள் கொண்ட குஞ்சுகளும், 1958இல் வெளிர்மஞ்சட் குஞ்சுகளும் தோன்றின. 1960இல் ஆஸ்திரேலியா தன் பறவைகளின் ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகவே, இன்று பினாங்கில் விற்கப்படும் காக்கட்டியல் பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த மரபினது. காட்டை அறியாத அப்பறவைக்கு உணவைக் கற்பிப்பவர் யார் என்பதே வினா.

குஞ்சைக் கையில் எடுத்து வளர்க்கும் வழக்கம் இந்நூற்றாண்டுக்கு உரியதன்று. ஹர்ஷர் காலத்தில், அஃதாவது 7ஆம் நூற்றாண்டில், பாணபட்டர் இயற்றிய காதம்பரியில் கதை சொல்வதே ஒரு கிளிதான். பிறக்கும்போதே தாயை இழந்த அக்குஞ்சுக்கு, முதுமையால் தளர்ந்த தந்தைக்கிளி, மற்றக் கூடுகளிலிருந்து உதிர்ந்த நெல்மணிகளையும் கனித்துண்டுகளையும் பொறுக்கி வந்து ஊட்டுகிறது. வேடனால் தந்தையும் மாளவே, முனிகுமாரனாகிய ஹாரீதன் குஞ்சை எடுத்துச் சென்று அதன் வாயில் நீர்த்துளிகளை விடுகிறான். முதலில் நீர், பிறகே இரை என்னும் முறை இன்றைய பறவை மருத்துவரும் ஏற்பதே. பாணர் கிளிக்குஞ்சைக் கண்ணால் கண்டே எழுதியிருக்க வேண்டும்.

பாணருக்கு அது கவிதை; பிற்காலத்தார்க்கோ அது கணக்காயிற்று. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கிரௌ, ரௌடிபுஷ் ஆகியோர் 1980களில் காக்கட்டியல் குஞ்சுகளைக் கொண்டே ஊட்டுணவை ஆராய்ந்தனர். உணவில் புரதம் ஏறத்தாழ 20 விழுக்காடு இருந்தபோது குஞ்சுகள் நன்கு வளர்ந்தன. மிகக் குறைந்தபோது வளர்ச்சி குன்றியது. அரிசியில் புரதம் ஏறத்தாழ 7 விழுக்காடே. தினையில் 12 விழுக்காடு அளவே. அன்பு மிகுதியால் வெறுங்கஞ்சி ஊட்டப்பட்ட குஞ்சுகள் ஏன் நலிந்தன என்பது இதனால் விளங்கும். புதிதாய்ப் பொரித்த குஞ்சுக்கு உணவு பெரும்பாலும் நீராகவே இருத்தல் வேண்டும் என்பதும், நாள் செல்லச் செல்ல அது கெட்டியாதல் வேண்டும் என்பதும் அவ்வாய்வுகளால் உறுதிப்பட்டன.

எனினும், ஊட்டுவதை அளந்த அறிவியல் நிறுத்துவதை அவ்வளவு எளிதாக அளக்க இயலவில்லை. முட்டை பொரிய 18 முதல் 21 நாள் ஆகும். இரண்டு மூன்று வார வயதில் கூட்டிலிருந்து எடுக்கப்பட்ட குஞ்சு, நான்காம் ஐந்தாம் வாரத்தில் கண்ணிற்பட்டதையெல்லாம் அலகால் கொத்திப் பார்க்கும். அஃது உண்ணுதல் அன்று, வினவுதல். அப்போது அதன் எடை சிறிது குறைவதும் இயல்பே. பறப்பதற்காக உடல் இளைக்கின்றது. அனுபவமற்றவர் இவ்விடத்தில் இரண்டு பிழைகளுள் ஒன்றைச் செய்வர். கொத்துவதைக் கண்டு, தின்னக் கற்றுவிட்டது என மயங்கி ஊட்டுவதை நிறுத்துவர். அன்றி, எடை குறைவதைக் கண்டு அஞ்சி, வாய் திறவாத குஞ்சுக்கு வலிந்து புகட்டுவர். முன்னதில் தட்டு நிறையத் தானியம் இருக்கவே குஞ்சு பட்டினியால் மடியும். உமி நிறைந்த தட்டைக் கண்டு, உண்டது என்று எண்ணி ஏமாந்தோர் பலர். பின்னதில் உணவு மூச்சுக்குழலிற் புகும். கழுத்தடியிலுள்ள தீனிப்பையை மெல்லத் தொட்டுப் பார்ப்பதும், நாள்தோறும் காலையில் நிறுத்துப் பார்ப்பதுமே நம்பத்தக்க சான்றுகள். பினாங்கின் புழுக்கத்தில் கரைத்த உணவு விரைவில் புளித்துவிடுமாதலின், மிஞ்சியதை மறுவேளைக்கு வைத்தலும் கேடு.

பகல் ஊட்டல் முதலில் குறையும். இரவு ஊட்டலே இறுதியில் நிற்கும். அவித்த சோளம், முட்டை, நறுக்கிய கீரை ஆகியவை தட்டில் வைக்கப்படும். ஆயினும் பல குஞ்சுகள் முதலில் தாமே உடைத்துத் தின்னக் கற்பது தினைக்கதிரில்தான். பறவைக் கடைகளில் உலர்ந்த கதிராகக் கட்டி விற்கப்படும் அது, குறிஞ்சி நிலத்துத் தினையே, வேறன்று. ஜார்ஜ்டவுனில் தமிழர் கடைத்தெரு என வழங்கும் லெபோ பாசார் மளிகைக் கடைகளில் மனிதர்க்கு விற்கப்படும் தானியமும் அதுவே. வட சீனத்தில் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்பே பயிரான அத்தினை, சங்கத் தமிழில் கிளியோடு பிரியாதது. தினைப்புனத்தில் தலைவி கிளி ஓட்டுகிறாள், தலைவன் வருகிறான். ஐங்குறுநூற்றில் கபிலர் கிள்ளைப்பத்து என ஒரு பத்தையே அமைத்தார். கதிரைக் கவர வந்த பறவையைத் தட்டை முழக்கி ஓட்டிய மரபில் வந்தவர், இன்று அக்கதிரையே கூண்டில் தொங்கவிட்டு, உண்ணமாட்டாயா என்று குஞ்சைக் கெஞ்சுகின்றனர். ஆஸ்திரேலியாவில் சோளப் பயிருக்கும் சூரியகாந்திக்கும் இதே பறவை பகையாதலின், அங்குள்ள உழவர்க்கு இக்காட்சி நகைப்பையே தரும்.

கையூட்டலே தேவைதானா என்ற வினாவும் எழாமல் இல்லை. காக்கட்டியல் இணையில் பகலில் ஆணும் இரவில் பெண்ணும் அடைகாக்கின்றன. குஞ்சு கூட்டைவிட்டு வெளியேறிய பின்னும் தந்தை ஊட்டுகிறது. 1988இல் டேவிஸ் ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரையொன்று, கையூட்டி வளர்த்த ஆண் பறவைகள் கூட்டுப் பெட்டியை நாடுவதிற் பின்தங்கியதையும், அவ்வாறு வளர்ந்த பெண் பறவைகள் பல முட்டையைக் கூண்டின் தரையிலே இட்டதையும் காட்டியது. மனிதரை அறிந்த பறவை கூட்டை அறியவில்லை. 2014இல் நெதர்லாந்து, தானே உண்ணும் பருவம் எய்தாத கிளிக்குஞ்சைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதற்குத் தடை விதித்தது. ஆனால் ஊட்டல் மறவாத குஞ்சை விற்பது வணிகர்க்கு எளிது. அதற்குச் செலவிட வேண்டிய மூன்று நான்கு வார உழைப்பு வாங்குபவர் தலையில் விழுகிறது. ஊட்டினால்தான் பறவை தன்னவர் என அறியும் என்று கூறி விற்கப்படும் குஞ்சுகளுள் எத்தனை பள்ளிப் பிள்ளைகளின் கைகளிலேயே மடிகின்றன என்பதை எவரும் எழுதி வைப்பதில்லை.

எட்டாம் வாரத்தை ஒட்டி, சில குஞ்சுகளுக்கு அதற்கும் பின்னர், ஒரு மாலையில் கரண்டி நீட்டப்படும்போது குஞ்சு தலையைத் திருப்பிக்கொள்ளும். மறுநாள் காலையில் தீனிப்பை ஊட்டாமலே நிறைந்திருக்கும், எடை குறைந்திராது, கூண்டின் அடியில் விரித்த தாளில் தினை உமி சிதறிக் கிடக்கும்.