பழைய மோட்டாரின் பின்னச்சு

வண்டியின் பாரத்தையெல்லாம் தாங்கி நிற்பது அச்சு. ஆயினும் வண்டியைக் காண்போர் கண்ணில் அது எளிதிற் படுவதில்லை. வலியறிதலைப் பற்றிப் பேசப் புகுந்த வள்ளுவர், வண்டியின் அச்சையே உவமையாக எடுத்தாண்டார். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ, அச்சின் வலிமையோடு அதன் அடையாளத்தையும் மக்கள் அறிந்திருக்கவேண்டிய காலம் ஒன்று வந்தது. அவ்வரலாறு, பண்டத்தரிப்பு முதலிய வலிகாமத்து ஊர்களின் அன்றாட வாழ்வோடு பிணைந்ததாகும்.

1820 இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிலே தம் பணியைத் தொடங்கியபோது, பாரம் சுமக்கும் ஊர்தி மாட்டுவண்டியே. அதன் அச்சு முறிந்தால் ஊர்த் தச்சரும் கொல்லரும் அளந்து, செதுக்கி, இரும்பிட்டுத் தந்தனர். செய்தவரும் திருத்துபவரும் ஒரே ஊரவர். ஆதலின் அச்சுக்கு அடையாள எண் வேண்டியிருக்கவில்லை.

மோட்டார் வந்ததும் இந்நிலை மாறிற்று. செய்தவர் கடல்கடந்த நாட்டில் இருந்தார்; திருத்துபவர் வலிகாமத்தில் இருந்தார். இரண்டாம் உலகப் போரின் பின் பிரித்தானியா மோட்டார்களைப் பெருந்தொகையாக ஏற்றுமதி செய்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த மொரிஸ் மைனரும், 1952 இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ 40 சோமர்செட்டும் இலங்கை வீதிகளிற் பழகிய வண்டிகளாயின. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இன் பின்னரே அக்கட்டுப்பாடு தளர்ந்தது. எனவே இருந்த வண்டியைப் பேணுதல் தவிர வேறு வழி பலருக்கு இருக்கவில்லை.

மோட்டாரின் பின்னச்சு வெறும் தண்டு அன்று. அதன் நடுவே உருண்ட பேழை ஒன்று உண்டு. எந்திரத்திலிருந்து வரும் நீள்தண்டின் முனையிலுள்ள சிறு பற்சில்லு, பேழையினுள்ளே இருக்கும் பெரிய பற்சில்லைச் சுழற்றுகின்றது. முன்னதைப் பினியன் என்றும், பின்னதைக் கிரவுன் என்றும் கராஜில் வழங்குவர். வளைவிலே வெளிப்புறச் சில்லு கூடுதலாகவும் உட்புறச் சில்லு குறைவாகவும் சுழல இடந்தரும் டிபரன்ஷியல் என்னும் அமைப்பும் அங்கேயே உளது.

இவ்விரு பற்சில்லுகளின் பற்களுக்கிடையேயுள்ள விகிதமே அச்சின் உண்மையான அடையாளம். மொரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். 803 கன சென்ரிமீற்றர் எந்திரம் பூட்டிய வண்டிகளிற் பிந்தியவற்றுக்கு 8 பற்களுக்கு 43 பற்கள். 1956 இல் வந்த 948 எந்திர வண்டிக்கு 9 க்கு 41. 1962 இல் வந்த 1098 எந்திர வண்டிக்கு 9 க்கு 38. புறத்தே பார்ப்பவருக்கு இம்மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். உள்ளே கணக்கு வேறு. ஒரே தூரத்தை உயர் கியரிற் கடக்க, 43 பல் அச்சுடைய வண்டியின் எந்திரம், 38 பல் அச்சுடைய வண்டியின் எந்திரத்தைவிட நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகச் சுழலவேண்டும். சிறிய எந்திரத்துக்குப் பாரமிழுக்க அது உதவி. எரிபொருள் அரிதாகிய காலத்தில் அதுவே இழப்பு.

பேழையிற் பொறித்த எண் துருவில் மறைந்துபோனால் என் செய்வது? அதற்கும் எளிய வழி உண்டு. கியரை விடுவித்து, ஒரு பின்சில்லை அசையாது நிறுத்தி, மற்றதை நிலத்தினின்றும் உயர்த்தி, சரியாக இரண்டு முறை சுழற்றவேண்டும். அப்பொழுது நீள்தண்டு எத்தனை முறை சுழல்கின்றதோ அதுவே விகிதம். நான்கேகாலுக்குச் சற்றுக் குறைந்தால் 38 பல். நான்கரையைச் சற்றுத் தாண்டினால் 41 பல். ஐந்தேகாலையும் கடந்து ஐந்தரையை எட்டாது நின்றால் 43 பல். சோக்கட்டித் துண்டொன்றும் பொறுமையும் இருந்தாற் போதும்.

1952 இல் ஒஸ்ரின் நிறுவனமும் மொரிஸை உடைய நஃபீல்ட் நிறுவனமும் ஒன்றிணைந்து பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனம் ஆயின. அதன் பயனாக மைனரின் டிபரன்ஷியலும் ஒஸ்ரின் ஏ 35 வண்டியினதும் ஒன்றுக்கொன்று பொருந்துவனவாயின. சோமர்செட்டின் பெரிய அச்சோ இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. பெயரை நம்பித் தேடியவர் ஏமாந்தனர். பற்களை எண்ணித் தேடியவர் பெற்றனர். கிரவுனையும் பினியனையும் சோடி பிரித்தல் ஆகாது என்பதும் தொழிலறிந்தோர் விதி. ஒன்றோடொன்று தேய்த்து இணக்கிய அவ்விரண்டையும் பிரித்து வேற்றுச் சோடியோடு சேர்த்தால், அவை ஓலமிட்டு விரைவில் தேய்ந்தொழியும்.

அமெரிக்காவிலும் இத்தகைய தேடல் நிகழ்கின்றது. 1964 இன் பொன்ரியக் ஜி.ரி.ஓ. முதலாக அங்கே பெருவலி எந்திரம் பூட்டிய கார்கள் பெருகின. வாங்குவோர் விரும்பிய விகிதத்தில் அச்சைக் கேட்டுப் பெற்றமையால், ஒரே பெயருடைய கார்கள் வெவ்வேறு அச்சுக்களோடு வெளிவந்தன. செவ்ரலே அச்சின் பின்மூடியில் 10 ஆணிகளா, 12 ஆணிகளா என்று எண்ணி இனங்காண்பர். 1957 முதல் வந்த ஃபோர்ட்டின் 9 அங்குல அச்சுக்கு ஆணிகள் பூட்டிய பின்மூடியே இல்லை. அதன் பற்சில்லுத் தொகுதியை முன்புறமாகவே கழற்றுவர். அங்கே இத்தேடல் பெரும்பாலும் வேகத்துக்கும் பழம்பெருமைக்கும் உரியது.

யாழ்ப்பாணத்திலோ அது உயிரோடு தொடர்புற்றிருந்தது. 1990 இல் மீண்டும் போர் மூண்டபோது ஏ 9 நெடுஞ்சாலை அடைபட்டது. எரிபொருளும் உதிரிப்பாகங்களும் குடாநாட்டுக்குச் செல்வது தடைசெய்யப்பட்டது. அமுக்க விகிதம் குறைந்த பழைய எந்திரங்களைச் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டினர். ஆயினும் அச்சின் பல் உடைந்தால் மண்ணெண்ணெய் என்ன செய்யும்? ஓடாது கிடந்த வண்டியே ஓடும் வண்டிக்குக் களஞ்சியமாயிற்று. எந்த வண்டியின் அச்சு எதற்குப் பொருந்தும் என்னும் அறிவு, பண்டத்தரிப்பிலிருந்து ஒரு பிரசவத் தாய் மானிப்பாய்க்கோ யாழ்ப்பாணத்துக்கோ உரிய வேளையிற் சென்று சேர்வதைத் தீர்மானிக்கும் அறிவாயிற்று.

அதே 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயாரின் முயற்சியால், தென்னிலங்கையில் மைனருக்கான உடற்றகடுகள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன. கடல் கடந்து சென்ற பொருளின் இனத்தது, ஒரே தீவின் வடமுனைக்குச் சென்று சேர இயலவில்லை.

2002 இல் நெடுஞ்சாலை திறந்தது. 2006 இல் மூடியது. 2009 இல் மீண்டும் திறந்தது. புதிய வண்டிகள் வந்தன. பழைய ஏ 40களும் மைனர்களும் வீதிகளில் அருகின. மண நாளுக்கென அலங்கரித்து அவற்றை ஓட்டி மகிழ்வோர் இன்றும் உளர். ஆனால், பேழையைத் தொட்டுப் பார்த்து, சில்லைச் சுழற்றி எண்ணி, இது இன்ன வண்டியின் அச்சு என்று சொன்ன கைகள் முதுமை எய்திவிட்டன. அவர்களது கணக்கு எந்தக் கைந்நூலிலும் முழுமையாக எழுதப்படவில்லை. வண்டியைப் பேணுவோர் அக்கணக்கையும் கேட்டு எழுதிவைப்பாராயின், நெருக்கடி ஒன்றை ஒரு சமூகம் தன் கைத்தொழில் அறிவால் எவ்வாறு கடந்தது என்பதைப் பின்வருவோர் உணர்வர்.