துறை யார் கையில்? வங்கக் கடலுக்கு வந்த இரு நீர்மூழ்கிகள், 1964–1971

1. ஆய்வின் எல்லை

இலங்கை வன்னியின் கிழக்குக் கரை முல்லைத்தீவு முதல் கொக்கிளாய் வரை வங்கக் கடலைப் பார்த்துக் கிடக்கிறது. 1971 நவம்பரில் பாகிஸ்தானின் ‘காசி’ நீர்மூழ்கி கராச்சியிலிருந்து கிளம்பி, இலங்கையைச் சுற்றி இக்கடலுக்குள்தான் நுழைந்தது. எதிர்த்தரப்பான இந்தியாவின் முதல் நீர்மூழ்கி ‘கல்வரி’. இரண்டுமே அந்நிய நாட்டில் கட்டியவை. அத்தகைய கப்பலின் வலிமையை அதன் டார்பிடோக்களைவிட, அதைப் பழுதுபார்க்கும் துறை யார் கையில் இருக்கிறது என்பதே முடிவுசெய்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். முல்லைத்தீவு மீனவர் எவரிடமும் கேட்டுப் பாருங்கள்: உதிரிப்பாகம் கிடைக்காத வெளியிணைப்பு எஞ்சின் கரையில் கிடக்கும் வெறும் இரும்பு.

2. காசி

அமெரிக்காவின் போர்ட்ஸ்மவுத் கட்டுந்தளத்தில் 1944 டிசம்பரில் நீரில் இறங்கிய ‘டியாப்லோ’தான் 1964இல் காசியாகப் பாகிஸ்தானிடம் வந்தது. தெற்காசியக் கடற்படைகளின் முதல் நீர்மூழ்கி இது. இந்தியாவுடனான 1965 போரையொட்டி அமெரிக்கா ஆயுத உதவியை நிறுத்தியது. பெரிய பழுதுபார்ப்புக்குத் துருக்கியின் கோல்சுக் துறைக்குப் போக வேண்டியதாயிற்று. 1967இல் சூயஸ் கால்வாய் மூடப்பட்டுவிட்டதால் ஆப்பிரிக்காவையே சுற்றினார்கள். ஒரு பழுதுக்காக ஒரு கண்டத்தை வலம்வந்த கப்பல் அது.

3. கல்வரி

1965 போரில் காசி கடலில் இருந்தபோது இந்தியாவிடம் ஒரு நீர்மூழ்கிகூட இல்லை. பிரிட்டனிடம் முயன்று பலன் காணாமல், அவ்வாண்டே சோவியத் ஒன்றியத்துடன் ஒப்பந்தம் ஆயிற்று. இந்திய மாலுமிகள் விளாடிவொஸ்தொக்கின் குளிரில் முதலில் ரஷ்ய மொழியையும் பிறகு கப்பலையும் படித்தார்கள். 1967 டிசம்பர் 8 அன்று ரீகாவில் கல்வரி பணியேற்றது. முதல் தளபதி கே. எஸ். சுப்பிரமணியன். இதுவும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியே 1968 ஜூலையில் விசாகப்பட்டினம் சேர்ந்தது.

இதே வகையைச் சேர்ந்த ‘குர்சுரா’ இன்று விசாகப்பட்டினக் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. 91 மீற்றர் நீளம். அறைக்கு அறை வட்டத் துவாரத்தில் குனிந்து காலை முன்னே விட்டுத்தான் நுழைய வேண்டும். முன்னறையில் ஆறு டார்பிடோக் குழாய்கள். அவற்றுக்குப் பின்னால், ஆயுதத்துக்கும் ஆளுக்கும் ஒரே இடம். குளிர்கடலுக்கென வடித்த இந்தக் கூட்டுக்குள் வெப்பமண்டலத்தின் புழுக்கத்தோடு மாதக்கணக்கில் உழைத்தவர்களின் பொறுமையை வரலாற்று நூல்கள் போதிய அளவு பேசவில்லை.

4. போலந்தின் ஒப்புமை

துறை கையில் இல்லாத நிலை தெற்காசியாவுக்கு மட்டும் உரியதல்ல. இரண்டாம் உலகப் போருக்கு முன் போலந்து மக்களின் நன்கொடையும் சேர்ந்து நெதர்லாந்தில் உருவான நீர்மூழ்கி ‘ஓஷெவ்’. 1939 பெப்ரவரியில் பணியேற்றது, செப்டெம்பரில் போர். தளபதிக்கு நோய், காற்றழுத்தியில் பழுது. தாய்த்துறைக்குத் திரும்ப வழியில்லை. நடுநிலை நாடான எஸ்தோனியாவின் தாலின் துறைமுகத்துக்குள் போய் அங்கே தடுத்துவைக்கப்பட்டது. வரைபடங்கள் பறிக்கப்பட்ட பின்னும் அது தப்பியது மாலுமிகளின் துணிவால்.

5. போர் வந்தபோது

1971 டிசம்பர் தொடக்கத்தில் காசி விசாகப்பட்டினத்தருகே மாலுமிகள் அனைவருடனும் மூழ்கியது. காரணம் பற்றி இரு நாடுகளும் இன்றுவரை முரண்படுகின்றன. 1971இன் இந்திய–பாகிஸ்தான் போரில் வங்கக் கடலில் இறங்கிய இந்திய நீர்மூழ்கி ‘கந்தேரி’. முதலில் வந்த கல்வரி பழுதுபார்ப்பில் கிடந்தது. போருக்குப் பின் இவ்வகைக் கப்பல்களில் சில பெரும் பழுதுபார்ப்புக்குச் சோவியத் துறைகளுக்குப் போயின. அதே பெயர் தாங்கிய புதிய கல்வரி மும்பை மசகான் கட்டுந்தளத்திலேயே உருவாகி 2017 டிசம்பர் 14 அன்று பணியேற்றது; வடிவமைப்பு பிரான்சினுடையது.